இயக்குநர் அறை ஜன்னல்

மூடிய அறைக்குள் ஆய்வுக்கூட இயக்குநர் ஒரு மணி நேரமாகப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“கரியமில வாயு பட்டா உப்பும், நல்ல காத்து பட்டா சுருங்கும்னு கதை விடுறீங்க. உங்க பாலிமர் என்னிக்கும்மா உப்பியிருக்கு? இன்னியோட ஆராய்ச்சிக்கு மூடுவிழா.”

“மூட விட மாட்டேன் சார்,” என்றாள் விஞ்ஞானி, நாற்காலியில் பசை போட்டு ஒட்டிக்கொண்டவள்போல.

அவர் குரல் இன்னும் உச்சத்துக்குப் போனது. பேசப் பேச, அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் மெல்லத் திறந்தது.

“யாரு அதைத் திறந்தது?”

“நீங்கதான் சார். காலையிலதான் அந்த ஜன்னல் கீல்ல என் பாலிமரை வச்சேன். நீங்க விட்ட மூச்சையெல்லாம் குடிச்சு உப்பி, கதவைத் தள்ளிடுச்சு.”

இயக்குநர் சாத்த எழுந்தார்.

“உட்காருங்க சார். நீங்க பேச்சை நிறுத்துனா அதுவே சாத்திக்கும்.”