மஞ்சள் கட்டம்

"இதுல எதும்மா மேல்பக்கம்?"

அவள் எட்டிப் பார்த்தாள்.

படங்களுக்குச் சட்டம் போடும் தஸ்தகீர் தாளை மேசைமேல் வைத்துத் திருப்பினார். மறுபடி திருப்பினார். நீர்வண்ணக் கட்டங்கள். நீலம், துரு, நீலம், துரு, கறுப்பு.

பிறகு ஒரே ஒரு மஞ்சள்.

நாளைக் காலை அவளுடைய கண்காட்சி. நாற்பது வருடத்துக்கு முன், கல்லூரியின் கடைசி வருடத்தில் போட்ட பன்னிரண்டு படங்கள். இது மட்டும் இத்தனை காலம் பெட்டியடியில் கிடந்தது.

அழைப்பிதழில் அந்த மஞ்சளைத்தான் பெரிதாக்கி அச்சிட்டிருந்தார்கள். ஏன் அந்த இடத்தில் மஞ்சள் என்று கேட்டார்கள். தாளம் அங்கே மாற வேண்டும் என்று தோன்றியது என்றாள். அதையும் அச்சிட்டார்கள். கீழே அவள் பெயர்.

தஸ்தகீர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"தண்ணி கீழதான் இறங்கும். நின்ன இடத்துல கலர் கெட்டியா ஒரு கோடு கட்டும். அத வச்சே சொல்லிருவேன், பாருங்க."

நீலம். கோடு இந்தப் பக்கம்.

துரு. கோடு அந்தப் பக்கம்.

நீலம், இந்தப் பக்கம். துரு, அந்தப் பக்கம்.

"என்னம்மா இது? பாதிப் படத்த தலைகீழா நின்னு போட்டீங்களா?"

அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

அன்று கல்லூரி விடுதி அறை. மழை. நல்ல தாள் ஒன்றே ஒன்று. எதிரே தோழி ஜெயசீலி.

ஒரு கட்டம் இவள். பலகையைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வாள். அது காயும்வரை ஜெயசீலி மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாள். பிறகு பலகை எதிர்ப்பக்கம் சாயும். ஒரு கட்டம் அவள்.

ஒரு மத்தியான விளையாட்டு. அவ்வளவுதான் நினைவு.

மஞ்சளின் கோடு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது யார்?

நீலம் தன்னுடையது என்று தோன்றியது. அப்படியானால் மஞ்சள் ஜெயசீலியுடையது. துருவைப் பார்த்தாள். துருவும் தன்னுடையது போலத்தான் இருந்தது.

ஜெயசீலி நாகர்கோவிலில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் பெயர் எந்த அழைப்பிதழிலும் வந்ததில்லை.

இவள் கூப்பிட்டதும் ஜெயசீலி இரண்டாவது மணியிலேயே ஃபோனை எடுத்தாள்.

"சீலி, ஹாஸ்டல்ல ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் போட்டோமே. அதுல மஞ்சள் போட்டது யாரு?"

மறுமுனையில் சிரிப்பு.

"ஏட்டி, எந்தப் படத்தக் கேக்க? அந்த வருசம் பூரா அப்படித்தானே போட்டோம்."

சுவரோரம் மற்றப் பதினொரு படங்கள். சட்டம் போட்டு, கண்ணாடி துடைத்து, எல்லாம் நிமிர்ந்து நின்றன.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

ஃபோனை மேசைமேல் வைத்தாள். சுவரோரம் போய், முதல் படத்தைத் தூக்கித் தலைகீழாக வைத்தாள்.

அப்படியும் சரியாகத்தான் இருந்தது.