ஃபிரிட்ஜின் சுருதி

கேலம் கடைசித் துண்டு டேப்பையும் ஒட்டி முடித்தான். அதில் எழுதியிருந்தது:

"சுருதி. இதை மட்டும் ஏற்றிவிடாதே."

சிந்தசைசர் என்ற அவனுடைய மின்னிசைக் கருவியில் இப்போது எல்லாக் குமிழ்களுக்கும் கீழே அவன் கையெழுத்தில் குறிப்புகள். நாளையிலிருந்து அவன் இடத்தில் நிற்கப்போகிற புது ஆளுக்காக.

இஷ்பெல் பார்த்தாள். திரும்பிக்கொண்டு வெந்நீரைக் குடித்தாள். பாடப்போகிற நேரத்தில் சண்டை போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்திருப்பாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கிளாஸ்கோ திரண்டிருந்தது. இருவருக்கும் சொந்த ஊர்.

இரண்டே பேர் கொண்ட குழு. குரல் அவளுடையது, கருவிகள் அவனுடையவை. மீன் வறுவல் கடைக்கு மேலே ஓர் அறையில் தொடங்கி டோக்கியோ வரைக்கும் போய் வந்துவிட்டார்கள். லேசுப்பட்ட காரியமா?

அந்த அறையில் ஒரு கிழட்டு ஃபிரிட்ஜ் இருந்தது. ஓயாமல் முனகும். ஒலிப்பதிவு முடியும் வரையாவது அணைக்கலாம் என்றால் இஷ்பெல் விடமாட்டாள். பால் திரிந்துவிடுமாம்.

சரி, தொலையட்டும் என்று தன் கருவிகளையெல்லாம் ஃபிரிட்ஜின் சுருதிக்கே சேர்த்தான். பியானோவின் எந்தக் கட்டையிலும் அகப்படாத சுருதி. ஒரு நூலிழை கீழே. வேறு யாருக்கும் இந்தக் கோணல் புத்தி வந்திருக்காது.

முதல் பாட்டு அந்த முனகலோடுதான் தொடங்கும். ஊர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

பிறகு லண்டனில் ஒரு பெரிய ஸ்டூடியோக்காரர் முனகலைத் துடைத்துச் சுத்தமாக்கிக் கொடுத்தார். பாட்டு உயிரில்லாமல் கிடந்தது. இவன் மல்லுக்கு நின்று அதைத் திரும்பப் போட வைத்தான்.

ஆனால் பத்திரிகைகள் அவள் குரலைப் பற்றியே எழுதின. படங்களில் இவன் வெறும் முழங்கை.

அவனுக்குப் பொறாமை கிடையாது. அந்தக் குரலின் முதல் ரசிகனே அவன்தான். அதனால்தான் வலித்தது.

குழுவை விட்டு விலகுவதாகப் போன வாரம் சொல்லிவிட்டான்.

"எல்லாத்தையும் எழுதி ஒட்டிடறேன், இஷ்பெல். யார் வேணும்னாலும் வந்து வாசிக்கலாம். நான் இருக்கேனா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் எழுந்து போனாள்.

திரை விலகியது. இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று.

மூன்றாவதின் நடுவில் மின்சாரம் போனது.

மின்னணு இசைக்குழுவிடம் மின்சாரம் இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது? இருட்டு. வாயசைக்கிற ஒரு பெண். ஊமைக் கட்டைகள் மேல் பத்து விரல்கள்.

யாரோ சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

கடைசி நாளும் இப்படியா என்று நொந்துகொண்டான்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

ம்ம்ம்ம்.

பக்கத்தில் இன்னொருவர். பிறகு அந்த வரிசை. பிறகு அரங்கம் முழுக்க.

பாட்டின் வரிகள் இல்லை. அவள் பாடிய மெட்டு இல்லை.

ஃபிரிட்ஜ்.

மேடைப் பலகை அவன் காலடியில் அதிர்ந்தது. தொழில் புத்தி போகுமா? சுருதியைக் கவனித்தான். இத்தனை பேர் சேர்ந்தால் எப்படியும் பியானோச் சுருதிக்கு ஏறிவிடுவார்கள் என்று காத்திருந்தான்.

ஏறவில்லை.

அதே நூலிழை கீழே.

இஷ்பெல் மைக்கை விட்டுவிட்டு இருட்டில் தட்டுத்தடுமாறி அவனிடம் வந்தாள்.

"கேக்குதா, கேலம்?"

அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

மின்சாரம் வந்தது. சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

முனகலுக்கான அந்த ஒரு கட்டையை மெல்ல அமுக்கினான். அது கூட்டத்துக்குள் போய்க் கலந்துவிட்டது. எது கருவி, எது ஊர் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் மைக்குக்குத் திரும்பிப் போய் முதல் பாட்டை எடுத்தாள். எத்தனையோ ஊரில் பாடியிருக்கிறாள். இப்படிப் பாடியதில்லை.

வலது கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல், இடது கையால் சுருதிக் குமிழின் அடியில் தடவினான்.

டேப்பின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டது. மெல்ல உரித்தான்.