கொட்டாவி விட்ட தாய்மாமன்

தங்கை மகளை மடியில் வைத்துக் காது குத்தவேண்டிய தாய்மாமன் செங்கோட்டுவேல், கோயிலை நெருங்கும்போது கொட்டாவி விட்டுவிட்டார். உடனே அவர் ஓட்டிவந்த கம்பெனியின் பேசும் லாரி, தானே ஓரங்கட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டது.

“தூங்கி எழுந்தால்தான் கதவு திறக்கும். கம்பெனி உத்தரவு” என்றது.

“முகூர்த்தம் போயிருங் கண்ணு!” என்று கெஞ்சினார். பலிக்காததால் கண்ணை மூடிக் குறட்டை விட்டார்.

“நடிப்புக் குறட்டை செல்லாது.”

கடைசியில் தங்கை பூங்கோதை சொந்தபந்தத்தோடு லாரியைத் தேடி வந்தாள். மாமனின் தொப்பை நுழையாத ஜன்னலில் குழந்தை நுழைந்து மடியில் உட்கார்ந்தது. ஆசாரி வெளியே நின்றபடியே குத்தினார். குழந்தை வீறிட்டது, மாமன் அதைவிடச் சத்தமாக அழுதார்.

“ஓட்டுநர் மனம் கலங்கியிருக்கிறார். நாளைக்கும் ஓய்வு” என்றது லாரி.

“அப்பறமென்னங்ணா?” பூங்கோதை ஜன்னலுக்குள் வாழையிலையை நீட்டினாள். “மெதுவாக் கறிச்சோறு தின்னுட்டே போலாம்!”