நாளைய தேதியிட்ட டப்பா

பள்ளி விடுதிச் சமையலறையில் தினமும் பரிமாறும் முன் ஒரு கரண்டி சாப்பாட்டை டப்பாவில் போட்டு, தேதி எழுதிக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு வயிறு கெட்டால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தபோது, புதன்கிழமைத் தேதியில் ஒரு டப்பா இருந்தது.

"என்னக்கா, நாளைக்குச் சமைக்கிற குழம்பை இன்னைக்கே எடுத்து வச்சுட்டீங்களா?"

"நல்லாப் பாருங்க சார். எழுத்து முத்து முத்தா இருக்கு. எங்க எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரில்ல இருக்கும்!" என்று சிரித்தார் சமையல்கார அக்கா.

ஆய்வாளர் மூடியைத் திறந்தார். பயறுக் குழம்பு. பூஞ்சை நாற்றம் மூக்கைத் துளைத்தது. மறுநாள் சமையலும் பயறுதான். இருவரும் சரக்கறைக்குப் போய் மூட்டையைப் பிரித்தார்கள். மேலே நல்ல பயறு. கைவிட்டுப் பார்த்தால் அடியெல்லாம் ஈரம், பச்சைப் பூஞ்சை.

"இருநூறு பிள்ளைங்க சார்," என்றார் அக்கா. அவர் சிரிப்பு போய்விட்டது. மூட்டையை அப்போதே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

புதன்கிழமை உருளைக்கிழங்குக் குழம்பு. பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த டப்பாவை வைத்து உதவி செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவரைப் பட்டினி போட அக்காவுக்கு மனம் வரவில்லை. முன்பே எடுத்து வைத்திருந்த சோற்றையும் குழம்பையும் ஒரு தட்டில் போட்டு, "இது உங்களுக்கு, வயிறாரச் சாப்பிடுங்க" என்று சொல்லி மேடையில் வைத்துவிட்டு, சமையலறையைப் பூட்டிக்கொண்டு காய் வாங்கப் போனார். திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். தட்டு கழுவப்பட்டு, விதிமுறைப்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வெந்நீரின் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.