வக்கீல் வீட்டு வேட்டி

"உன் கை விளங்குமாய்யா? என் வயித்துல அடிச்சிட்டியே, பாவி!"

சலவைக்காரி சுப்பம்மா ஒரு கையால் ஃபிட்டர் மெஹபூப் பாஷாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் சுருட்டிய வேட்டி ஒன்று. அதைத்தான் அவர் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மயிலாப்பூரில் சண்டை பார்க்க வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? ஜட்கா வண்டிக்காரன் முதல் கீரைக்காரி வரை விறகு மண்டி வாசலில் ஆஜர். அவரவர் ஜோலியை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"சட்டையை விடுமே! இன்னா ஆச்சு, அதைச் சொல்லு!" என்றார் பாஷா.

"இன்னா ஆச்சா? என் வூட்டுல அடுப்பு எரியல. புள்ளைங்க பச்சத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்துக்கினு கீதுங்க. எல்லாம் இந்த லாரில நீ பண்ண வேலையாலதான்! இது வக்கீலய்யர் வூட்டு வேட்டி. இன்னிக்குத்தான் எடுத்தாந்தேன். பிரிச்சுப் பாரு!"

யாரும் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? அந்த டீசல் லாரியின் லட்சணம்தான் தெருவுக்கே தெரியுமே!

விறகு ஏற்றி முடிக்கிறவரை இன்ஜினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி சுற்றிக் கிளப்புவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அப்படி நின்ற இடத்திலேயே அது கக்கின கரும்புகையில், கொடியில் காய்ந்த துணியெல்லாம் அடுப்புக்கரி நிறமாகிப் போனது. எதிர்வீட்டு வக்கீலய்யர் நோட்டீஸ் விட்ட பிறகுதான் மண்டி முதலாளி சூடாமணி முதலியாருக்குச் சுரணை வந்தது. போன வாரம் பாஷாவைக் கூப்பிட்டு, இன்ஜினுக்குள் எண்ணெய் தெளிக்கிற நாசில் அத்தனையையும் மாற்றச் சொன்னார்.

இப்போது சத்தம் கேட்டு முதலியாரே வெளியே வந்துவிட்டார்.

"யோவ் பாஷா! இன்னா எழவுய்யா இது? புகையே வராதுன்னு சத்தியம் பண்ணியே!"

"வராது மொதலாளி. பழைய நாசில் எண்ணெயை ஒழுக விட்டுச்சு, அது பாதி வெந்தும் வேகாம புகையாப் போச்சு. இது சீமைலேர்ந்து கப்பல்ல வந்த புது நாசில். கல்யாண வூட்டுல பன்னீர் தெளிக்கிறாப்பல தெளிக்கும்."

"அப்ப அவ கையில கீறது இன்னா, பட்டுப் பீதாம்பரமா? அந்த வக்கீல் மறுபடி கெளம்பினா லாரியைப் பூட்டிட்டு நான் காசிக்குத்தான் போவணும். அதுக்கு முன்னாடி உன் பேரை நாறடிச்சிடுவேன். மெட்ராஸ்ல ஒரு லாரிக்காரன் உன்னைக் கூப்பிட மாட்டான், பார்த்துக்கோ!"

பாஷாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், வேலையைக் குறை சொன்னால் மட்டும் ஆகாது.

"இத்தினி மாசம் புகை வந்தப்போ வாயைத் தெறக்கல. நான் கை வெச்சப்புறம் வந்து கத்துறா. எவனோ ஏவி வுட்டுக் கீறான், மொதலாளி!"

"எவன்யா ஏவுவான்? என் புள்ளைங்க வயிறு ஏவுது!"

சுப்பம்மாவின் கழுதைகள் இரண்டும் முதுகில் ஒரு மூட்டைகூட இல்லாமல் முதலியாரின் விறகுப் பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று இந்தச் சித்திரையில்தான் புதிதாக வாங்கினது. முதலியார் பார்த்திருந்தால் அதற்கும் சேர்த்துக் கத்தியிருப்பார்.

"தள்ளுங்கய்யா!" என்று பாஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் லாரியைக் கிளப்பினார். இன்ஜின் கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் இறங்கி வந்து, முதலியாரின் தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை வெடுக்கென்று உருவினார்.

"யோவ், யோவ்! அது காஞ்சிபுரம்யா!"

பாஷா காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகைக்குழாயின் வாயிலேயே அங்கவஸ்திரத்தை விரித்துப் பிடித்தார். முதலியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஜட்காக்காரன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி, சலித்துப்போய் நிறுத்திவிட்டான்.

"இந்தாங்க. பார்த்துக்கோங்க."

ஒரு பொட்டுக் கரி இல்லை. ஜரிகைகூட மங்கவில்லை. கூட்டம் "சபாஷ் பாய்!" என்று கை தட்டியது. சற்று முன்னால் இதே கூட்டம்தான் பாஷாவுக்கு உதை விழும் என்று காத்திருந்தது!

முதலியாரின் கோபம் அப்படியே சுப்பம்மா பக்கம் திரும்பியது.

"ஏண்டி, பொய்யா சொல்றே? நல்லா வேலை பண்ணவனைத் தெருவுல நிறுத்தி மானத்தை வாங்குறியா? கொண்டா இங்க!"

அவள் கையிலிருந்த வேட்டியைப் பிடுங்கி ஒரு உதறு உதறினார். பளிச்சென்று விரிந்தது வேட்டி. புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கடி கரி? வெளுத்த வேட்டி மாதிரி கீதே!"

"அதைத்தானே நைனா அப்பத்லேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கினு கீறேன்!" சுப்பம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "துணி கருக்கலேன்னா எவன் வூட்டுல எனக்கு வெளுக்கப் போடுவான்? இந்த ஒண்ணையே அய்யர் வூட்டுல கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தேன்."

பிறகு பாஷாவின் பக்கம் திரும்பி, மறுபடியும் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"அந்தப் பழைய நாசிலையே மாட்டுய்யா!"