மத்ரித்காரர்கள் கற்றுக்கொண்ட மௌனம்

பெனிக்னா கையை நீட்டுவதற்கு முன்பே சத்துர்னினோ உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

மத்ரித்திலிருந்து வந்திருந்த காசில்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? அவங்க கேக்கவே இல்ல. அவருக்கே தெரியுது," என்று கணவனின் முழங்கையை இடித்தாள்.

கொன்சாலோ தலையை ஆட்டினான். வாய் நிறையக் கொண்டைக்கடலை.

அமைதியைத் தேடி வந்தவர்கள் இந்த இருவரும். ஒரு வாரத்துக்கு வாத்தியார் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வாத்தியாரும் இல்லை, படிக்கப் பிள்ளைகளும் இல்லை. வீடு மட்டும் நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.

வந்த அன்று காரை விட்டு இறங்கும்போதே சண்டை. எந்த முக்கில் திரும்பியிருக்க வேண்டும் என்பதில். அதை ஒரு வழியாக முடித்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

"இங்க ரொம்ப அமைதியா இருக்குமாமே?"

இருக்கும் என்றேன். கோதுமை வளர்வது என்ன வெளியில் கேட்கவா போகிறது?

கிளம்பும் நாளில் ஊர்க்காரர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று காசில்தா ஆசைப்பட்டாள். ஊரில் சமைக்கத் தெரிந்தவள் பெனிக்னா ஒருத்திதான். மற்றவர்கள் வயிற்றை நிரப்பிக்கொள்கிறவர்கள். நானே ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாப்பிடுகிறேன். அதனால் இவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சத்துர்னினோ ரொட்டியை நெஞ்சோடு அணைத்து அறுத்தான். பெரிய துண்டு மனைவிக்கு. அவள் அவனுடைய கோப்பையில் ஒயினை ஊற்றினாள். அவன் போதும் என்று சொல்லவில்லை. போதுமான இடத்தில் அவளே நிறுத்தினாள்.

கரண்டிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

காசில்தா மாதா கோயிலுக்குள் பேசுவதுபோல் கிசுகிசுத்தாள். "நாப்பது வருஷக் கல்யாணம். பேச்சே தேவைப்படல பாரு."

பெனிக்னா தட்டுகளை எடுத்துக்கொண்டே என்னிடம், "எவாரிஸ்தோ, காப்பி வேணுமான்னு கேளு," என்றாள்.

யாரை என்று சொல்லவில்லை. நான் சத்துர்னினோவைக் கேட்டேன். வேண்டும் என்று என்னிடம் சொன்னான். நான் பெனிக்னாவிடம், "வேணுமாம்," என்றேன்.

"என்ன ஒரு மரியாதை!" என்றான் கொன்சாலோ.

காப்பி முடிந்ததும் காசில்தா பெனிக்னாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். வாசல்வரை நான்தான் வழியனுப்பப் போனேன். காசில்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க எவ்வளவு நாளா இப்படி?"

"நாலு வருஷம் ஆகப்போகுது."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாரையும் போலப் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க."

"பக்குவம்," என்றாள் காசில்தா. கொன்சாலோவைப் பார்த்து, "நாமளும் இப்படி ஆகணும்," என்றாள்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். வேறு என்ன சொல்வது? நான்கு வருடம் முன்பு பெனிக்னா ஊர்த் தலைவர் தேர்தலில் நின்றாள். எங்கள் ஊரில் மொத்த ஓட்டே ஒன்பது. ஒரே ஓட்டில் தோற்றாள். ரகசிய ஓட்டுதான். ஆனால் எட்டுப் பேர் யாருக்குப் போட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் ஒன்பதாவது ஆள் எங்கே போய் ஒளிவான்?

சத்துர்னினோ ஒளியவும் இல்லை. மதுக்கடையில் எல்லோர் முன்னாலும், "வீட்டுல ஆள்றது போதாதா?" என்று கேட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு.

ஜன்னலுக்குக் கீழே கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"இப்பவே ஆரம்பிச்சிட்டியா?" என்றது கொன்சாலோவின் குரல். "அமைதியா இருக்கணும்னு இப்பதான சொன்ன?"

"வாரம் பூரா நான் அமைதியாதான் இருந்தேன். நீதான் அமைதியா இருக்கேன் அமைதியா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்த."

"நீ மூச்சு விடுறதே சண்டை போடுற மாதிரி இருக்கும்."

அதன் பிறகு கொன்சாலோவின் அம்மா பெயர் அடிபட்டது. குரல்கள் சந்துப் பக்கம் நகர்ந்து மங்கின, பெட்டியை மறந்துவிட்டதாகத் தெரிந்தது, திரும்பவும் நெருங்கின.

பெனிக்னா கையில் துடைத்த தட்டோடு அசையாமல் நின்றாள். சத்துர்னினோ காதை ஜன்னல் பக்கம் சாய்த்திருந்தான்.

"யோவ்," என்றாள் பெனிக்னா.

நான் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஜன்னலத் திற. சரியாக் கேக்கல."

சத்துர்னினோ நாற்காலியைத் தட்டிவிட்டு எழுந்தான். கொக்கியை நீக்கினான். திறந்தான். இருவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதான் நியாயம்," என்றாள் பெனிக்னா.

அவன் இன்னும் கொஞ்சம் வெளியே குனிந்து பார்த்தான்.

"நீ யாரு பக்கம்?"

சத்துர்னினோ மீசையைத் துடைத்தான்.

"உன் பக்கம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நாலு வருஷமா யோசிச்சிட்டேன்."

அவள் சிரித்ததை நான் முதுகுப் பக்கமிருந்துதான் பார்த்தேன். தோள்கள் குலுங்கின.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்மேல் பெனிக்னாவுக்குக் கோபமே கிடையாது. எதிராளி எதிரேதான் நிற்பான், அவனிடம் என்ன மனத்தாங்கல் என்பாள். ஞாயிறுதோறும் கூப்பிட்டுச் சாப்பாடும் போடுகிறாள்.

வருகிற மே மாதம் மறுபடியும் தேர்தல். அவளும் நிற்கிறாள், நானும் நிற்கிறேன்.

மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு என் கோப்பையை நானே கழுவி வைத்தேன்.