கூடைக்குள் கூலி

காலை ஏழு மணிக்கு அன்றைய கூலி கைப்பேசியில் வந்துவிடும். ஆளுக்கு ஆள் வேறு வேறு. சம்மதம் என்று அழுத்தினால்தான் திருப்பூர் பனியன் கம்பெனியின் வேனில் ஏறலாம்.

நவமணியின் மண்டையை ஒரே கேள்விதான் குடைந்தது. ஒரே மிஷின், ஒரே தையல். தனக்கு அறுநூற்று நாற்பது, பக்கத்தில் தைக்கும் தெய்வானைக்கு மட்டும் எண்ணூறு. அது எப்படி?

ஒரு வாரம் தெய்வானையையே நோட்டம் விட்டாள். அவள் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை. டீ குடித்து முடிக்காமல் போனைத் தொடமாட்டாள், அவ்வளவுதான். வீட்டில் தன் ஒருத்தி சம்பளத்தை நம்பியிருந்த நவமணியோ, சத்தம் கேட்டதும் அழுத்திவிடுவாள். அழுத்தாமல் விட்டால் தொகை ஏறுகிறது; அவசரக்காரிக்குக் கூலி குறைச்சல்!

மறுநாள் வேன் நிற்கும் பேக்கரி வாசலுக்கு ஒரு கூடையோடு வந்தாள்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க. டீ குடிச்சுட்டு எடுத்துக்கலாம்."

முப்பது பேரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். எடுத்துப் பார்த்தால், முப்பதிலும் எண்ணூற்றைம்பது.

அதற்கடுத்த நாள் பேக்கரி வாசலில் நவமணியின் போன் மட்டும் ஆறே முக்காலுக்கே அலறியது. "இரண்டாயிரம். உங்களுக்கு மட்டும். ஒரு நிமிடத்துக்குள் சம்மதிக்கவும்."

விரல் சம்மதத்தின் மேல் போய் நின்றது. தெய்வானை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, அழுத்தலையா?"

"ரெண்டாயிரம் குடுக்க முடியுமுன்னா, இத்தனை நாளா எதுக்குடி எனக்கு அறுநூத்தி நாப்பது?"

போனைக் கூடையில் போட்டு மூடினாள்.

"மொதல்ல டீயக் குடி."